என் கழுத்தைத் தொடாத ஆஸ்டியோபத்

மார்ச் 4, செவ்வாய்

காற்று பலமாக இருந்ததால் முற்பகலிலேயே வேலையை நிறுத்திவிட்டார்கள். காற்று அடிக்கும்போது டவர் கிரேனின் சுழல் பிரேக்கை விட்டுவிட வேண்டும். அது தன் நீளக் கையைக் காற்றின் போக்கிலேயே திருப்பிக்கொள்ளும். எதிர்த்து நின்றால்தான் ஆபத்து. இறங்குவதற்கு முன் கொஞ்ச நேரம் கேபினிலேயே உட்கார்ந்திருந்தேன். நகரம் மெதுவாக என்னைச் சுற்றி வந்தது. இத்தனை வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

கழுத்துதான் பார்க்க விடமாட்டேன் என்கிறது. கேபினில் என் காலுக்குக் கீழே கண்ணாடி. நாள் முழுக்க முழங்கால்களுக்கு நடுவே குனிந்து, கொக்கியையும் கொக்கிக்குக் கீழே நிற்கும் மனிதர்களையும் பார்ப்பதுதான் என் பிழைப்பு. கழுத்து வலிக்காவிட்டால்தான் அதிசயம். ஆனால் இந்த மாதம் வலி வேறு மாதிரி. இரண்டு கையும் மரத்துப் போகின்றன.

காலையில் சட்டைப் பட்டன் போட வரவில்லை. விரல் பட்டனைப் பிடிக்கிறது, பிடித்தது எனக்குத் தெரியவில்லை. மனைவியைக் கூப்பிட்டேன். "கல்யாணம் ஆன புதுசுல கூட இப்படிக் கூப்பிட்டதில்ல" என்று சொல்லிக்கொண்டே போட்டுவிட்டாள். சிரித்தாள். கடைசிப் பட்டனுக்கு வரும்போது சிரிப்பு இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

மகளோடு கடைத்தெருவுக்கு நடந்து போனேன். பின்னாலேயே வந்தவள் திடீரென்று, "அப்பா, படகுக்குள்ள நடக்கிற மாதிரி நடக்கறீங்க" என்றாள். மேலேயே இருந்து பழகிய கால், தரையில் அப்படித்தான் இருக்கும் என்றேன். அவளுக்குப் பதினாறு வயது. இந்தப் பதிலை நம்பும் வயது தாண்டிவிட்டது.

மார்ச் 13, வியாழன்

எழுதவே கை வரமாட்டேன் என்கிறது. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

கம்பிக்கட்டு ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தேன். கீழே 'ரேடியோ' நின்றிருந்தார். வாக்கி டாக்கியில் எனக்குக் கண்ணாக இருப்பவர். வேலை முடிந்த பிறகும் வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர். "மெதுவா, மெதுவா, நிறுத்து" என்றார். நிறுத்தினேன். நிறுத்தினேன் என்றுதான் நினைத்தேன். கை ஜாய்ஸ்டிக்கை விடவில்லை. கட்டு இன்னும் ஓர் ஆள் உயரம் இறங்கி ஆடியது. கீழே இரண்டு பேர் விலகி ஓடினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ரேடியோ திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சாயங்காலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அண்ணே, உங்க கைக்கு என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். அவ்வளவு பேசுகிற மனிதர் பதிலுக்காக அவ்வளவு நேரம் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டேன். வைத்தியம் பார்த்துக்கொண்டு வரும்வரை மேலே ஏறவேண்டாம் என்றார். சரிதான். நானே ஏறியிருக்க மாட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

வீட்டில் மாநாடு. மச்சான் வந்திருந்தார், அவளுடைய அண்ணன். பாசக்காரர், யாருக்கு என்ன வந்தாலும் மருந்து முதலில் அவரிடம் இருக்கும். அவருக்குத் தெரிந்த ஒருவர் கழுத்தை ஒரே திருப்பாகத் திருப்பி நெட்டி எடுப்பாராம். "டக்குனு ஒரு சத்தம் வரும் மாப்ள. எழுந்து வந்துடலாம்" என்றார். போனில் வீடியோ வேறு காட்டினார். சத்தம் கேட்டது. எழுந்தவர் சிரித்தார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

அவள் வேறு வழி சொன்னாள். அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு கூட்டாளிக்கு இடுப்புவலி வந்தபோது ஓர் ஆஸ்டியோபத்திடம் போனாளாம். எலும்பு, தசை, மூட்டு எல்லாவற்றையும் கையாலேயே பார்த்து, கையாலேயே வைத்தியம் செய்பவர்கள். அவருடைய பெயர் பதிவுப் பட்டியலில் இருக்கிறதா என்று அவளே தேடிப் பார்த்தாள். இருந்தது. மச்சானின் ஆளுக்கும் தேடினாள். எந்தப் பட்டியலிலும் இல்லை. "அவருக்குப் பட்டியல் எதுக்கு, கை இருக்கு" என்றார் மச்சான்.

அவள் சொன்னதற்கே ஒப்புக்கொண்டேன். வீட்டில் நிம்மதியாகத் தூங்க வேண்டுமே.

மார்ச் 15, சனி

ஆஸ்டியோபத்தே போன் செய்தார். பெண் குரல். பழைய ஸ்கேன், எக்ஸ்ரே இருந்தால் எடுத்து வரச் சொன்னார். சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் பெட்டியோடு கொண்டுவர வேண்டுமாம். தளர்வான உடை போட்டு வரலாம், துணைக்கு ஒருவரைக் கூட்டி வரலாம். கழுத்துவலிக்கு இவ்வளவு சீர்வரிசையா என்று அவளிடம் சொல்லிச் சிரித்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

சின்ன அறை. ஏற்றி இறக்கக்கூடிய ஒரு கட்டில், அதன்மேல் புதிதாக இழுத்து விரித்த காகிதம், மேஜையில் ஒரு பிளாஸ்டிக் முதுகெலும்பு. நான் காத்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்து அறைக்குள் வருவதை அந்த அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கலாம். டாக்டர் என்றேன். "டாக்டர் இல்லைங்க. நான் ஆஸ்டியோபத். அது வேற, இது வேற. முதல்லயே தெரிஞ்சுக்கிறது நல்லது" என்றார்.

உட்கார வைத்துக் கேட்கத் தொடங்கினார். கேள்வி, கேள்வி, கேள்வி. எப்போது தொடங்கியது, எங்கே விழுந்திருக்கிறேன், படுக்கும்போது வலி கூடுகிறதா, எடை குறைந்ததா, காய்ச்சல் வந்ததா. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேனா. எலும்பு தேய்ந்திருப்பதாக யாராவது சொன்னார்களா. தலை சுற்றுமா, கண்ணில் இரண்டிரண்டாகத் தெரியுமா, விழுங்கக் கஷ்டமா. சிறுநீர் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்றுகூடக் கேட்டார். கழுத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு வெட்கமும் எரிச்சலும். சில நாளாக அவசரமாகத்தான் ஓட வேண்டியிருக்கிறது என்று அவள்தான் சொன்னாள். நான் சொல்லியிருக்க மாட்டேன். துணைக்கு ஆள் எதற்கு என்பது அப்போதுதான் புரிந்தது.

என்ன எதிர்பார்த்து வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு திருப்பு, ஒரு சத்தம், எழுந்து போய்விட வேண்டும் என்றேன். சிரிக்கவில்லை. தன் தொழிலைப் பற்றித் தானே குறைத்துப் பேசும் ஒருவரை இன்றுதான் பார்த்தேன். இடுப்புவலி, முதுகுவலி மாதிரி சிலவற்றுக்குச் சிலருக்கு இது உதவும், எல்லோருக்கும் உதவாது. ஆஸ்டியோபதியில் சகல நோயும் தீரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வைத்தியம் செய்த மறுநாள் உடம்பு அடித்துப் போட்டாற்போல் வலிக்கலாம், அது ஓரிரு நாளில் போய்விடும். சில தடவை வந்தும் மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிட வேண்டும், வந்துகொண்டே இருக்கக் கூடாது. இப்படியெல்லாம் சொன்னார்.

பிறகு பரிசோதனை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் என்ன செய்யப்போகிறார், ஏன் என்று சொல்லி, செய்யலாமா என்று கேட்டார். "என்கிட்ட மட்டும் இல்ல, யார்கிட்ட போனாலும் சரி. வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. பாதியில கூடச் சொல்லலாம்" என்றார். தலையாட்டினேன்.

முஷ்டியை மூடி மூடித் திறக்கச் சொன்னார். மனசு வேகமாகத் திறந்தது. கை சாவகாசமாகத் திறந்தது. ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொன்றை ஒட்டி வைத்து, கோட்டின்மேல் நடப்பதுபோல நடக்கச் சொன்னார். அந்தரத்தில் ஒற்றைக் கம்பியைப் பிடித்து நடந்தவன் நான். ஓர் அறையின் குறுக்கே நடக்க முடியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான்—

என் வலது கையைத் தன் கையில் தளர்வாகப் பிடித்துக்கொண்டார். நடுவிரல் நகத்தைப் பிடித்து லேசாகச் சுண்டிவிட்டார். என் கட்டைவிரல் மடங்கியது. தானாக. நான் மடக்கவில்லை. இன்னொரு தடவை சுண்டினார், மறுபடி துள்ளியது, தூக்கத்தில் குழந்தை விரலை அசைப்பதுபோல. இடது கையிலும் அதே. பாதத்தின் அடியில் ஏதோ ஒன்றால் கோடு இழுத்தார். பெருவிரல் மேல்நோக்கி எழுந்து நின்றது.

என் உடம்பு. நான் அதில் இல்லை. எனக்குத் தெரியாமல் யாரோ அதற்குள்ளிருந்து பதில் சொல்கிறார்கள். அந்த அம்மாவுக்கு அந்த மொழி தெரிந்திருக்கிறது. பயத்துக்கு முன்னால் எனக்கு வந்தது பிரமிப்புதான். வாயைப் பிளந்துகொண்டு என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் என் கையை மடியில் வைப்பதுபோல மெதுவாகக் கட்டிலில் வைத்தார். கைகளைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

"உங்க கழுத்தை நான் தொடப்போறதில்ல. யாரும் தொடக் கூடாது. உள்ள தண்டுவடத்தை ஏதோ அழுத்துதுன்னு சந்தேகப்படறேன். இது என் கையால தீர்ற விஷயம் இல்ல. நீங்க போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி."

அங்கேயே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து பேசினார், கடிதமும் எழுதித் தந்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை ஸ்கேன். அதற்குள் கால் துவண்டாலோ, சிறுநீர் கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று அவளிடம் இரண்டு தடவை சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் கடிதத்தை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

மார்ச் 20, வியாழன்

கோபமாக இருக்கிறது. என்னத்துக்குப் போனேன்? வலிக்குதுன்னு போனா, நகத்தைச் சுண்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன்னு அனுப்பறாங்க. கட்டைவிரல் துடிச்சா என்ன, துடிச்சுட்டுப் போகுது. வலி அப்படியே இருக்கு. தலை குனிந்தால் முதுகு வழியாகக் காலுக்கு மின்சாரம் பாய்கிறது. செவ்வாய்க்கிழமை வரை எப்படிப் பொறுப்பது?

மார்ச் 22, சனி

 

காலையில் அவள் கடைக்குப் போன பிறகு மச்சான் வந்தார். "ஆஸ்பத்திரிக்குப் போனா கத்தியை வச்சுடுவாங்க மாப்ள. ஒரு தடவை இவர்கிட்ட காட்டிட்டுப் போலாம். பிடிக்கலைன்னா வந்துடலாம்" என்றார். போனேன். அவர்மேல் பழி போட மாட்டேன், என் காலால்தான் போனேன்.

ஒரு நீளமான கூடம். சுவரில் டி.வி., அதில் கழுத்து திருப்பும் வீடியோக்கள் ஒன்றன்பின் ஒன்றாக. சத்தம் வரும்போதெல்லாம் காத்திருந்தவர்கள் முகத்தில் ஒரு சந்தோஷம். என் முறை வந்தது. அவர் பருத்த கைகளும் கலகலப்பான பேச்சுமாக நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். "கழுத்தா? படுங்க" என்றார்.

அவ்வளவுதான் கேள்வி. எங்கே வலி, எத்தனை நாளாக, என்ன மாத்திரை, ஒன்றும் இல்லை. படுத்தேன். தைலம் மணத்தது. ஒரு கை என் தாடைக்குக் கீழே வந்தது. இன்னொரு கை பிடரிக்கு. தலை அவருடைய கைகளில் ஒரு பாத்திரம்போல உட்கார்ந்தது. "மூச்சை விடுங்க" என்றார்.

மூச்சை விடும் அந்த ஒரு நொடியில் நான் கண்டது என் கட்டைவிரலை. அது தானாக மடங்கியதை. இவருக்கு அது தெரியாது. இவர் கேட்கவே இல்லை. அந்த அம்மா அவ்வளவு தெரிந்தும் தொடவில்லை, இவர் ஒன்றும் தெரியாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

"வேண்டாம்" என்றேன்.

"இறுக்காதீங்க, தளர்வா விடுங்க" என்றார். கை எடுக்கவில்லை. தலை இடப்பக்கம் சாயத் தொடங்கியது.

"வேண்டாம். கையை எடுங்க."

என் குரல் எனக்கே கேட்டது. கூடத்தில் பேச்சு நின்றது. டி.வி.யில் யாருடைய கழுத்தோ சத்தம் போட்டது. கை விலகியது. பயந்த மனிதர்கள் இங்கே வரக்கூடாது என்று ஏதோ சொன்னார். நான் ஒரு பக்கமாகப் புரண்டு, கட்டில் விளிம்பைப் பிடித்து எழுந்தேன். மச்சானுக்கு அவமானம். 

அவளிடம் சாயங்காலம் சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே போனாள். முகம் கழுவிக்கொண்டு வந்து, எதிரே உட்கார்ந்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனையும் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

ஸ்கேன் எடுத்தார்கள். குழாய்க்குள் படுக்க வைத்தார்கள். காதில் கடப்பாறை, சம்மட்டி, டிரில் எல்லாம். வேலைத் தளத்திலேயே இருப்பதுபோல இருந்ததால் பாதியில் தூங்கிவிட்டேன் போல. எடுத்தவர் ஆச்சரியப்பட்டார்.

மார்ச் 27, வியாழன்

அறுவை மருத்துவர் படத்தைத் திரையில் போட்டார். அவள், நான், பின்னால் மச்சான். வரவேண்டாம் என்றாலும் அவரே வண்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

என் கழுத்தைப் பக்கவாட்டில் அறுத்து வைத்ததுபோன்ற படம். எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கின்றன, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு டிஸ்க். அவற்றுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு நாடா இறங்குகிறது. அதுதான் தண்டுவடம். சுண்டுவிரல் பருமன் இருந்தால் அதிகம். ஓரிடத்தில் டிஸ்க் பின்பக்கம் பிதுங்கி, அந்த நாடா நசுங்கிப் போயிருக்கிறது. யாரோ மிதித்துக்கொண்டு நிற்கும் தண்ணீர்க்குழாய் மாதிரி.

நான் அதையே பார்த்தேன். என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. நான் நடந்த அத்தனை நடையும் இந்த வழியாகத்தான் போயிருக்கிறது. நான் தூக்கிய அத்தனை கம்பியும் கான்கிரீட்டும், பிறந்த அன்று மகளை வாங்கிக்கொண்ட கையும், அவள் விரலைப் பிடித்தால் வரும் சூடும், எல்லாம் இந்த ஒரு மெல்லிய நாடா வழியாகத்தான் போய் வந்திருக்கிறது. எங்கள் கிரேனில் மின்கேபிளுக்கு எத்தனை உறை, எத்தனை சோதனை. இதைச் சுமந்துகொண்டு நான் ஏணியில் ஏறி இறங்கியிருக்கிறேன், குதித்திருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன். ஒரு நாள்கூட அது இருப்பதாக நினைத்ததில்லை. அதுவும் தன்னைக் காட்டிக்கொண்டதில்லை.

கடிதத்தைப் படித்த மருத்துவர், எழுதியது யார் என்று கேட்டார். ஆஸ்டியோபத் என்றதும், சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார், சரியான நேரத்தில் அனுப்பியிருக்கிறார் என்றார். அப்போது அவள் சனிக்கிழமை நடந்ததைச் சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"திருப்பிட்டாரா?"

இல்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்றேன். என்ன ஆகியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாதாம். ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். "ஆனா இந்த நிலையில ஒரு கழுத்தை அப்படித் திருப்பியிருந்தா, இன்னைக்கு நீங்க நடந்து வந்திருப்பீங்கன்னு என்னால சொல்ல முடியல" என்றார்.

ஆபரேஷன். கழுத்தின் முன்பக்கமாகப் போய், பிதுங்கிய டிஸ்கை எடுத்துவிட்டு, இரண்டு எலும்பையும் தகடு வைத்து இணைப்பார்களாம். போன பலம் முழுதாகத் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், மேற்கொண்டு போகாமல் நிறுத்துவதுதான் முதல் நோக்கம் என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. இந்த மாதம் நான் நம்பிய இரண்டு பேருமே தங்களால் முடியாததை முதலில் சொன்னவர்கள்.

வெளியே வந்து, வண்டியை எடுக்காமல் மச்சான் ஸ்டீயரிங்கின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நான்தானே மாப்ள கூட்டிட்டுப் போனேன்" என்றார். நான் அவர் தோளில் கை வைத்தேன். வைத்தது எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

ஏப்ரல் 2, புதன்

நாளைக்கு ஆபரேஷன். மகள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் என் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா நகம் வெட்டிவிட்டாள்.

ஏப்ரல் 5, சனி

எழுதுவது மகள். நான் சொல்லச் சொல்ல.

பிழைத்துக்கொண்டேன். தொண்டை கரகரக்கிறது, தண்ணீர் விழுங்கினால் வலிக்கிறது. கழுத்தில் பட்டை. காலையில் நர்ஸ் வந்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, எந்தக் காலைத் தொடுகிறேன் என்று கேட்டார். இடது, பெருவிரல் என்றேன். குளிர்ந்த கை என்றேன். இதைச் சொல்லும்போது அப்பா அழுதார். (இது நான் எழுதியது. அவர் சொல்லவில்லை.)

ஏப்ரல் 20, ஞாயிறு

நானே எழுதுகிறேன். கோணல்தான். ஆனால் பேனாவின் விளிம்பு விரலில் உறுத்துகிறது. உறுத்துவது இவ்வளவு பெரிய விஷயம் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இன்று வீடு முழுக்கத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கதவுப்பிடி குளிர்ச்சி. துண்டு சொரசொரப்பு. சுவரில் வண்ணம் பூசியவர் விட்டுப்போன ஒரு தூரிகை முடி. "வீடு வாங்க வந்தவர் மாதிரி பார்க்கறீங்க" என்றாள் அவள்.

இடது சுண்டுவிரல் மட்டும் இன்னும் மரக்கட்டை. இருக்கட்டும்.

ஜூன் 11, புதன்

மச்சானுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதாம். போன் செய்தார். எந்த வைத்தியரையும் அவராகச் சொல்லவில்லை, "என்ன பண்ணலாம் மாப்ள?" என்று என்னைக் கேட்டார். இருபது வருடப் பழக்கத்தில் இது முதல் தடவை.

காலில் மரப்பு உண்டா, சிறுநீர் எப்படிப் போகிறது, ராத்திரியில் வலி எழுப்புகிறதா என்று கேட்டேன். "என்ன, போலீஸ் மாதிரி கேக்கறே" என்றார். ஆனால் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். மறந்திருந்த ஒன்றைக் கடைசியில் சொன்னார்: போன வருடம் இதயத்தில் ஸ்டென்ட் குழாய் வைத்ததிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாராம். இடுப்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்றேன். முதலில் உங்கள் டாக்டர், அவர் சரி என்றால் அந்த அம்மா. மாத்திரையைப் பெட்டியோடு கொண்டுபோங்கள். உங்கள் வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்கள் மறைப்பதை அவர்கள் சொல்வார்கள். செய்வது பிடிக்கவில்லையென்றால் நிறுத்தச் சொல்லுங்கள். செய்தபின் ஓரிரு நாள் வலித்தால் பயப்படாதீர்கள், அதற்குமேல் வலித்தால் போன் செய்யுங்கள்.

 பிறகு, "அந்த அம்மா என்னையும் தொடாம அனுப்பிட்டா?" என்று கேட்டார். அப்படி அனுப்பினால் ஓடிப்போய் அனுப்பிய இடத்தில் நில்லுங்கள் என்றேன்.

ஜூலை 21, திங்கள்

வேலைக்குத் திரும்பிவிட்டேன். மேலே இல்லை. கம்பெனி டாக்டர் இந்த வருடம் கேபினை நினைக்கவே வேண்டாம் என்றார். கீழே, ரேடியோவோடு. எதை எப்போது தூக்குவது, எங்கே இறக்குவது என்று திட்டம் போடும் வேலை.

கழுத்தில் தகடு இருப்பதால் நிமிர்ந்து பார்க்க வராது. கிரேனைப் பார்க்க வேண்டுமென்றால் இடுப்பிலிருந்து முழு உடம்பையும் பின்னால் சாய்க்க வேண்டும். ரேடியோ பின்னால் வந்து முதுகுக்குக் கை கொடுப்பார். "அண்ணே, சாமி பார்த்தது போதும், வேலையைப் பாருங்க" என்பார். அவருக்கு என்ன தெரியும்? இத்தனை வருடமும் நான் அதற்குள் இருந்தவன். இவ்வளவு பெரிது என்று எனக்கே தெரியாது. வானத்தில் ஒரு கை மெதுவாகத் திரும்புகிறது, அதன் நுனியில் ஒரு சுவர் தொங்குகிறது, கீழே மனிதர்கள் அதை நம்பி நிற்கிறார்கள்.

புதிதாக மேலே இருப்பவள் இருபத்தெட்டு வயதுப் பெண். கைவேலை சுத்தம். அவளிடம் நான் கேட்டது ஒன்றுதான்: கழுத்து எப்படி இருக்கிறது?

செப்டம்பர் 12, வெள்ளி

மதியம் படுத்தவன் இருட்டும்வரை தூங்கியிருக்கிறேன். அவள் எழுப்பவில்லையாம். இப்படித் தூங்கி எத்தனை காலம்.

காலையில் அந்த அம்மாவிடம் போயிருந்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு கழுத்து செய்யாத வேலையையெல்லாம் நடுமுதுகு செய்து, அது கல்லாக இறுகிப் போயிருக்கிறது. கழுத்தைத் தவிர்த்து, மென்மையாகச் செய்யலாம் என்று அறுவை மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.

வாசலில் நின்று நான் நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறைக்குள் வந்ததும் ஒன்றும் சொல்லாமல் ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொன்றை ஒட்டி வைத்து நடந்து காட்டினேன். சுவர் வரை போனேன். திரும்பி வந்தேன். யார் கையையும் பிடிக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

நன்றி சொல்ல நினைத்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. அவரும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. உட்கார வைத்து, முதல் நாள் வந்தவனைக் கேட்பதுபோல மறுபடி எல்லாவற்றையும் கேட்டார். தலைசுற்றல், மாத்திரை, காய்ச்சல், சிறுநீர். இந்தத் தடவை நானே சொன்னேன், ஒன்று விடாமல். அவள் பக்கத்து நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாள், சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல்.

பிறகு பக்கவாட்டில் படுக்கச் சொன்னார். தலைக்குக் கீழே தலையணையை உயர்த்தி, கழுத்து நேராக இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தார். கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளும் சத்தம் கேட்டது. என்ன செய்யப்போகிறார் என்று சொன்னார்: சத்தம் வராது, திருப்ப மாட்டேன், விலா எலும்பு மூச்சோடு நகர்கிறதா என்று பார்த்து, நகராத இடத்தில் மெதுவாக அழுத்துவேன்.

"இங்க கை வைக்கலாமா?" என்று கேட்டார்.

"வைங்க" என்றேன்.